பெங்களூரில் பார்க்க என்ன இருக்கு?

கும்பகோணத்திலிருந்து வந்த மச்சான் வழக்கம்போல ஆரம்பித்தார்: "டிராஃபிக்கைத் தவிர உங்க ஊர்ல பார்க்க என்ன மாப்ளே இருக்கு?"

கும்பகோணத்துக்காரரிடம் கோயிலைச் சொல்லி ஜெயிக்க முடியுமா? லால்பாக் பாறைக்கு வயசு சுமார் 300 கோடி வருஷம் என்றேன். மசியவில்லை.

அல்சூர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். வள்ளுவர் சிலை. 1991-இல் வைத்தது. 2006-இல் நான் மாற்றலாகி வந்தபோதும் மூடித்தான் கிடந்தது. ஆபீஸ் போகும் வழி. அந்தப் பக்கம் பார்க்காமலே போவேன். 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான் திறந்தார்கள். நாலே நாளில் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறப்பு.

"அது யாரு சர்வக்ஞர்?" என்றார் மச்சான்.

நான் முழித்தேன். (இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டி என்ன பயன்!) கன்னடக் கவிஞர் மாமா என்று மகள் ஒரு பாட்டைக் கடகடவென ஒப்பித்தாள். மூணே அடி.

"நம்மாளு ரெண்டடிதானே?" என்றார் மச்சான்.