எந்த இடத்துக்கு எந்த பேரிங்?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஆலை என்றதும் ரோபோக்கள்தான் நினைவுக்கு வரும். கன்வேயருக்குள் சுழலும் பேரிங்கை யார் நினைக்கிறார்கள்?

இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும் ஒரகடத்தில் 2010-லும் கார் உற்பத்தி தொடங்கியது. எந்தக் கார் ஆலையானாலும் பெயின்ட் பிரிவு உண்டு. முதல் பூச்சு ஏறிய கார்க்கூடு அடுப்புக்குள் போகும். அங்கே பொதுவாக 160 முதல் 180 டிகிரி செல்சியஸ். கூட்டைச் சுமக்கும் கன்வேயரும் கூடவே வேக வேண்டியதுதான்!

சாதாரண லித்தியம் கிரீஸ் 120 டிகிரிக்கு மேல் நெடுநாள் தாங்காது. வடிந்துவிடும், அல்லது காய்ந்து கட்டியாகும். நைட்ரைல் ரப்பர் சீல் இறுகி வெடிக்கும். சூட்டில் உலோகம் விரியும்; அதற்கு இடம்விட்டு சி3, சி4 என உள்ளிடைவெளி கூடிய பேரிங்குகள் வருகின்றன.

"சிலிகான் கிரீஸ் போடலாமே?" சூட்டைத் தாங்கும்தான். ஆனால் துளி சிலிகான் பட்டாலே பெயின்ட்டில் குழி விழும்! அதனால் பெயின்ட்டைக் கெடுக்காது என்று சோதித்த கிரீஸைத் தேட வேண்டும். கிரீஸே வேண்டாமென்றால் கிராஃபைட் வைத்த பேரிங்குகளும் உண்டு.

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கதையே வேறு. மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமக்கும் அந்த கன்வேயர்களுக்கு எதிரி தூசியும் மழையும். அங்கே நல்ல சீல்தான் காவலாளி.

கடையில் எல்லாம் ஒரே சைஸாகத் தெரியும். "அளவு சரிதானே" என்று மலிவானதை மாட்டினால், ஒரு பேரிங் இறுகி மொத்த லைனும் நிற்கலாம். அப்போது நடுராத்திரி ஷிப்டில், ஆறாத அடுப்புக்குள் கைவிட வேண்டியவர் மெயின்டனன்ஸ் தொழிலாளிதான். விலை கேட்கும் முன், அது எங்கே சுழலப்போகிறது என்று கேளுங்கள்.