உயிர் கொடுத்த கதை

பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வாடிய முகத்தோடு வந்தான். "என்னடா?" என்றேன். "மியூசிகல் சேர்லே நான்தான் தாத்தா முதல்லே அவுட்" என்றான். பிறகு? ஆட்டம் முடிகிற வரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தானாம். எவனுக்கு ஓடத் தெரியவில்லையோ, எவனுக்கு ஆட்டம் அதிகம் தேவையோ, அவனை முதலில் வெளியே தள்ளிவிட்டு மற்றவர்கள் ஆடுவது! இதைக் கண்டுபிடித்த மகானை நான் மன்னிப்பதாக இல்லை.

எனக்கு இதில் சொந்த வயிற்றெரிச்சல் உண்டு.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கையில் அப்பாவுக்கு மாற்றலாகி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தோம். நான் "என்னடா" என்றால், வகுப்பே "என்னலே" என்று திருப்பிச் சொல்லிச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு ஒரு தலைவன் இருந்தான். பெயர் வேண்டாம், இன்று பேரன் பேத்தி எடுத்த பெரிய மனிதன். மாலையில் சடுகுடுவுக்குக் கட்சி பிரிப்பார்கள். இரண்டு பேர் மாறி மாறிப் பையன்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். கடைசியில் நான் மட்டும் நிற்பேன். காய்கறிக்காரி கொசுறு போடுவதுபோல என்னை ஒரு பக்கம் தள்ளிவிடுவார்கள்.

ஒரு வாரம் இதைப் பார்த்தார் டிரில் வாத்தியார். கண்டிக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணச் சொன்னார். ஒண்ணெல்லாம் ஒரு கட்சி, ரெண்டெல்லாம் ஒரு கட்சி. அவ்வளவுதான். சிரிப்புத் தலைவனும் நானும் ஒரே கட்சியில் வந்து விழுந்தோம்.

சடுகுடுவில் பக்கத்துக்கு ஏழு பேர். எதிராளி ஒருவன் அவுட்டானால், நம்மில் அவுட்டாகி உட்கார்ந்திருப்பவன் ஒருவனுக்கு உயிர் வரும்; முதலில் உட்கார்ந்தவனுக்கே முதல் உயிர். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடியைச் சேர்த்தார்கள். இந்தியா தங்கம் வாங்கியது. இப்போதெல்லாம் பாடிப் போகிறவனுக்கு 30 விநாடி கணக்கு. எங்களுக்கு மூச்சுத்தான் கடிகாரம். ஆனால் அந்த உயிர்ச் சட்டம் இன்றும் இருக்கிறது.

அன்று எங்கள் பக்கத்தில் முதலில் பிடிபட்டவன் அவன்தான். கோட்டோரம் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவராகப் போய், நான் மட்டும் மிஞ்சினேன். (மிஞ்சுவது எனக்குப் பழக்கம்தானே!) பாடிக்கொண்டு போனேன். பாட்டா அது? பயத்தில் வந்த முனகல். இரண்டு பேர் பாய்ந்தார்கள். கோட்டருகே தடுக்கி விழுந்த வேகத்தில் என் கை எவன் கட்டைவிரலிலோ பட்டது. உருண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

அவன் எழுந்து வந்தான். என் முதுகு மண்ணைத் தட்டிவிட்டான். கொஞ்சம் பலமாகவே தட்டினான்.

ஆட்டத்தில் தோற்றுத்தான் போனோம். மறுநாள் வகுப்பில் பலகையிலிருந்த தன் பையை நகர்த்தி, "உட்காருலே" என்றான். அந்த "லே"யில் கேலி இல்லை.

நாளைக்குப் பேரனின் டீச்சரம்மாவைப் பார்க்கப் போகிறேன். கோபித்துக்கொள்வாரோ என்னவோ. நாற்காலிகளை உள்ளே எடுத்து வைக்கத் துணைக்கு வருவதாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.