இடது பக்கத்து ரப்பர்

இந்த முறை வழக்கு, ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. கையில் பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை, அதைப் பற்றி.

அண்ணன் இறந்தபின் நான்கு வருடமாக அவருடைய ராஜ்தூத் 350 கொட்டகையில் கிடந்தது. யமஹா ஆர்டி 350-இன் இந்திய வடிவம், 1983-இல் வந்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒன்றுபோல் மூச்சுவிட வேண்டும், அதுதான் பாடு.

ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன். வண்டியை அணைத்துவிட்டு, கார்புரேட்டர் வாயில் விரல் வைத்து, இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழும்பும்படி கேபிளைச் சரிசெய்தேன். ஆனாலும் இடது பக்கம் சத்தம் ஏறி ஏறி இறங்கியது. இரண்டு மாலை ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக ஐடிலிங் நின்றதும் பெருமையாக ரோட்டில் இறக்கினேன்.

ஆறு கிலோமீட்டரில் சத்தம் மாறியது. கிளட்சைப் பிடித்து நிறுத்தி ப்ளக்கைக் கழற்றினால், வலது காப்பிப்பொடி நிறம். இடது சுண்ணாம்பு வெள்ளை. காற்று கூடி, பெட்ரோல் குறைந்து எரிகிறது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்து, பின்சக்கரமும் பூட்டியிருக்கும்.

மெக்கானிக் அண்ணாச்சி ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. வண்டியை ஓடவிட்டு, கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரைச் சுற்றிச் சில சொட்டு எண்ணெய் விட்டார். இன்ஜின் சத்தம் உடனே மாறியது. கழற்றி மடித்துக் காட்டினார்: மயிரிழை வெடிப்பு.

"எத்தனை நாளா இதைத் திருகிட்டிருக்க?"

நான் வாயைத் திறக்கவில்லை.

புது ரப்பர் போட்டாயிற்று. இப்போது இரண்டு சைலன்சருக்குப் பின்னாலும் உள்ளங்கையை வைத்தால் ஒரே அளவு அடிக்கிறது. அண்ணன் தினமும் காலையில் அப்படித்தான் கை வைத்துப் பார்ப்பார். குளிர் காய்கிறார் என்று நினைத்திருந்தேன்.