பத்தாவதே போதுமுங்கப்பா

குன்னத்தூர் பக்கம் கடலைக்காடு வைத்திருக்கும் ஒரு விவசாயியின் மகள், பத்தாவது முடித்ததும் பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போனாள். இப்போது வயது 27.

"காலேஜ் போகாத புள்ளைக்குப் போலீஸ் வேலையா?" என்றார் அப்பா.

"இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாவதே போதுமுங்கப்பா."

பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 26, பிற்படுத்தப்பட்டோருக்கு 28. சாதிச் சான்றிதழுக்காக அப்பா இ-சேவை மையத்துக்கு நடந்தார். பெண்களுக்கு உயரம் 159 செ.மீ. வேண்டும், அவள் 160. 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓட, விடியலில் இட்டேரியில் பழகினாள்.

பயமெல்லாம் தமிழ்த் தாள்தான். 80-க்கு 32 எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். அப்பா பக்கத்து வீட்டுப் பையனின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை வாங்கி வந்தார்.

"நீ படி கண்ணு. பாலை நான் கறந்துக்கறேன்."