காய்ந்த ரொட்டியில் கோலா உருண்டை!

போன ஆறாம் நாளே எனக்கு மானம் போய்விட்டது!

தம்பிக்கு இத்தாலியில் வேலை. அவன் மனைவிக்குப் பிரசவம் என்று ஒத்தாசைக்குப் போயிருந்தேன். ஊர் பெயர் ஓர்த்தோனா. அப்ருட்ஸோ பகுதியில், ஆட்ரியாட்டிக் கடலோரத்தில் இருக்கிறது. நம் சாந்தோம் கோயிலில் கல்லறை இருக்கிறதே, தோமையார், அவருடைய எலும்புகள் 1258-லிருந்து இந்த ஊர்க் கோயிலில் இருப்பதாக நம்பிக்கை. நான் மதுரைக்காரி. ஆனாலும் கீழ் வீட்டுப் பாட்டிக்கு நான் தோமையார் ஊர்க்காரிதான்!

அன்று காலை, கல்லாய்க் காய்ந்த அரை ரொட்டியைக் குப்பையில் போட எடுத்துப் போனேன். வாசலில் பாட்டி நின்றார். வயது எண்பத்தொன்பது. ஒன்றும் பேசவில்லை. ரொட்டியை வாங்கி அதற்கு ஒரு முத்தம் கொடுத்தார். மத்தியானம் சாப்பிட வரும்படி சைகை காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சிந்திய பருக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பாட்டி எங்கள் வீட்டிலும் இருந்தவர்தானே! எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மத்தியானம் தம்பியோடு போனேன். தக்காளிக் குழம்பில் மிதந்தது சாட்சாத் நம் கோலா உருண்டை! வாயில் போட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. "என்ன கறிடா இது?" என்று தம்பியைக் கேட்டேன். அவன் பாட்டியிடம் கேட்க, பாட்டி சிரித்துவிட்டார்.

"கறி பண்ணையார் வீட்டுக்குப் போயிடுச்சு. இது நீ தூக்கிப் போட இருந்த ரொட்டி!"

அவர்கள் வீட்டில் அந்தக் காலத்தில் வாரச் சாகுபடியாம். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. பண்டிகை வந்தால் கோழியும் முட்டையும் வேறு கொடுக்க வேண்டும். அப்படிப் புதிதாக வாரம் பேசக்கூடாது என்று 1964-ல்தான் சட்டம் வந்தது. 1943 டிசம்பரில் கனடாப் படைக்கும் ஜெர்மானியருக்கும் நடந்த சண்டையில் ஊரே இடிந்து போனபோது பாட்டிக்கு ஏழு வயது. "அப்போ காய்ந்த ரொட்டியே விருந்து" என்றார்.

இதற்குப் பெயர் 'பல்லோத்தே காச்சோ எ ஓவே', அதாவது சீஸும் முட்டையும் சேர்ந்த உருண்டை. அடுத்த வாரம் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டேன்.

காய்ந்த ரொட்டி 200 கிராமைப் பாலில் ஊறவைத்து ஒட்டப் பிழியுங்கள். துருவிய சீஸ் 250 கிராம், முட்டை 4, நசுக்கிய பூண்டு ஒரு பல், பொடியாக நறுக்கிய பார்ஸ்லி இலை கொஞ்சம் சேர்த்துப் பிசையுங்கள். பார்ஸ்லி இல்லையா? கொத்தமல்லித் தழை போடுங்கள். சீஸிலேயே உப்பு உண்டு, பார்த்துப் போடுங்கள். அரை மணி நேரம் மூடி வைத்து, எலுமிச்சம்பழ அளவு உருட்டிப் பொன்னிறமாகப் பொரித்தெடுங்கள். வெங்காயமும் சிவப்புக் குடைமிளகாயும் வதக்கிய தக்காளிக் குழம்பில் இருபது நிமிஷம் சிறு தீயில் கொதித்தால், குழம்பைக் குடித்து உப்பிவிடும். கனமான பதார்த்தம், ஆளுக்கு மூன்று நான்கு போதும்.

சாப்பிடும்போது எனக்கு அம்மா ஞாபகம்தான். எட்டாவது படிக்கையில் ஒரு தீபாவளிக்குக் கறி வாங்கக் காசில்லை. அம்மா வாழைக்காயில் சோம்பும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்துக் கோலா செய்தாள். "ஏமாத்துறியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அதன்பின் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

அன்றிரவு மதுரைக்குப் போன் போட்டேன். "அம்மா, அந்த வாழைக்காய்க் கோலா..." என்று இழுத்தேன்.

"அஞ்சு உருண்டை அப்படியே கிடந்துச்சு. மறுநாள் நான்தான் சாப்பிட்டேன்" என்றாள் அம்மா. முப்பது வருஷமாக எண்ணிக்கையை மறக்கவில்லை!

"ஊருக்கு வந்ததும் செஞ்சு குடும்மா. ஒண்ணு மிச்சம் வைக்க மாட்டேன்."

"வா, வா. வாழைக்காய்க்கா பஞ்சம்?" என்றாள்.

இப்போது என் வீட்டில் காய்ந்த ரொட்டி குப்பைக்குப் போவதில்லை.