செய்திப் பத்தியில் இடம் பெறுதல்

முன்னாளில் என் வெள்ளவத்தை இல்லத்துக்கு வரும் பழைய மாணவர்கள் திருமண அழைப்பிதழையோ கோயில் மலருக்கான வாழ்த்துரையையோ திருத்தித் தருமாறு கேட்பர். இக்காலத்தில் அவர்களுட் பலர் மென்பொருட் கம்பனிகளிலும் அவற்றின் புகழைப் பரப்பும் நிறுவனங்களிலும் கடமையாற்றுகின்றனர். ஆதலின் அவர்கள் கொண்டுவருவது ஆங்கிலத்தில் எழுதிய பத்திரிகைக் குறிப்பாகும். "சேர், இதைத் தமிழில் ஆக்கித் தாருங்கள், தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அனுப்பவேண்டும்" என்பர். படிப்பித்தவன் மறுப்பது எங்ஙனம்?

அக்குறிப்புகள் பெரும்பாலும் ஓரச்சில் வார்த்தவை. கம்பனி தன் துறையில் முன்னணியில் நிற்கின்றது என்பது முதல் வாக்கியம். அதன் தலைவர் பெருமகிழ்ச்சி அடைகின்றார் என்பது இரண்டாவது. 'முழுமையான தீர்வு' என்னும் தொடர் மூன்றாவதில் தவறாது வரும். எவருக்கு என்ன இடர் இருந்தது, அதற்கு எவ்வாறு தீர்வு பிறந்தது என்பது கடைசி வரிவரை தேடினும் அகப்படாது. இத்தகைய உரையைத் தமிழ் எழுத்தில் எழுதலாம், தமிழாக்க இயலாது.

விளம்பரத்துக்கு உரிய இடத்தைப் பணங்கொடுத்துப் பெறலாம். செய்திப் பத்தி அப்படியன்று. அதனைப் பத்திராதிபர் தம் வாசகர் பொருட்டுக் காத்து வருகின்றார். 1930ஆம் ஆண்டு தோன்றிய வீரகேசரி கொட்டாஞ்சேனைக்கு அணித்தாகிய கிராண்ட்பாஸ் வீதியில் வளர்ந்த பத்திரிகை. அத்தகைய காரியாலயமொன்றில் மாலைவேளையில் பக்கம் அமைக்கும் உதவி ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். குவிந்து கிடக்கும் குறிப்புகளை அவர் ஒரே வினாவால் அளக்கின்றார்: நாளைக் காலையில் இதனை வாசிப்பவனுக்கு இதனால் ஆவதென்ன?

நம் நாட்டுக் கணினிப் பணியைப் பற்றி வெளியுலகம் தானாகவே பேசிய சந்தர்ப்பங்கள் இரண்டை மாணவருக்கு எடுத்துரைப்பது என் வழக்கம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபின், கணினி வல்லுநர் சிலர் தொண்டர்களாகக் கூடி, காணாமற் போனோரைத் தேடவும் முகாம்களைப் பதிந்து வைக்கவும் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். (நமக்கு அஃது ஓர் இராகம், சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். இரண்டும் பொருந்துவனவே.) மறு ஆண்டு பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது பயன்பட்டது. அதன் கதையில் தன் பிள்ளையைத் தேடும் தாய் ஒருத்தி இருந்தாள். எனவே அதற்குப் புகழ்மொழி வேண்டியிருக்கவில்லை.

மற்றையது இலண்டன் பங்குச் சந்தையின் கதை. 2008 செப்டம்பர் 8ஆம் திகதி அச்சந்தையின் கணினி அமைப்புப் பழுதுற்று, ஏறக்குறைய ஏழு மணி நேரம் வியாபாரம் நின்றது. அடுத்த ஆண்டு அச்சந்தை, 1996இல் தொடங்கப்பெற்ற மில்லேனியம் ஐ.ரி. என்னும் கொழும்புக் கம்பனியை 3 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, இலண்டன் பத்திரிகைகள் அதனை ஏன் எழுதின? இலங்கை மீது கொண்ட அன்பினால் அன்று. கையைப் பிசைந்து நின்ற அந்த நாளை அவற்றின் வாசகர்கள் மறந்திலர். புதிய அமைப்பு 2011 பெப்ரவரி 14ஆம் திகதி அச்சந்தையில் நடைமுறைக்கு வந்தது. அம்மாதம் 25ஆம் திகதி சந்தை மீண்டும் சில மணிநேரம் நின்றபோது, பத்திரிகைகள் அதனையும் விடாது எழுதின. செய்திப் பத்தியை நாடுபவர் இவ்விரண்டுக்கும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

இப்பகுதிதான் கம்பனிகளுக்குக் கசக்கின்றது. அண்மையில் ஒரு மாணவன், கடைகளின் இருப்புக் கணக்கை நடத்தும் மென்பொருள் பற்றிய குறிப்பொன்றைக் கொண்டுவந்தான். கணக்குகள் 'மேகத்தில்' பேணப்படும் என்றிருந்தது. கொட்டாஞ்சேனை வியாபாரி மேகம் என்றவுடன் மழைக்கு மூட்டைகளை மூடத்தானே ஓடுவார்! 'கடையிலுள்ள கணினி பழுதானாலும் கணக்கு வேறிடத்திற் பத்திரமாயிருக்கும்' என்று மாற்றினேன். பின்னர், "இதனை வாங்கியவர் ஒருவரைக் காட்டு" என்றேன். கொட்டாஞ்சேனையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு இருவரும் சென்றோம்.

முதலாளி, "தம்பி, முன்பெல்லாம் வருட முடிவில் மூன்று நாள் கடையைப் பூட்டித்தான் மூட்டை எண்ணுவோம். இந்த முறை பூட்டவில்லை. ஆனால் முதல் மாதம் உங்கள் மெஷின் சீனியை மாவென்று காட்டியது. அதையும் எழுதும்" என்றார்.

மாணவன் இரண்டையும் எழுதினான். அவனுடைய மேலாளர் சீனிக் கதையை நீக்கும்படி பணித்தார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் நிரம்பாத பிள்ளை. அவன் சம்பளத்தை நம்பித் தங்கை ஒருத்தி படிக்கின்றாள். என்ன செய்வதென்று என்னிடம் கேட்டான். "அந்தத் தெருவில் எவருக்கு அக்கதை தெரியாது? அதனை மறைத்தால் மற்றைய வரியையும் நம்பமாட்டார்கள். அவர்களுக்குத்தானே நீங்கள் விற்கவேண்டும்? இதை மேலாளரிடம் பணிவாகச் சொல்" என்றேன். சொன்னான். நெடிய வாதத்தின் பின், தொடக்கத்தில் நேர்ந்த பிழை திருத்தப்பட்டது என்னும் ஒரு வரிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

அந்த ஒரு வரியைக் கண்ட நாளிதழ் நிருபர், கடைக்கே தொலைபேசியில் அழைத்து என்ன பிழை என்று கேட்டிருக்கின்றார். மூன்று நாட் பூட்டும் சீனியும் மாவுமாக அரைப் பத்தி வெளிவந்தது. தலைவரின் பெருமகிழ்ச்சிக்கு அதில் இடமிருக்கவில்லை. அன்று முற்பகல் முழுவதும் கம்பனியின் தொலைபேசி அமைதியாய் இருந்ததாம். அழைப்புகள் யாவும் கடை முதலாளிக்கே சென்றன: மெஷின் என்ன விலை, யாரிடம் வாங்கினீர், சீனி இப்பொழுது சீனியாகத்தான் காட்டுகின்றதா என்று.