போடி மலைக்கு ஒரு பிரயாணத் திட்டம்

முதல் உலக யுத்தத்தின்போது, ஆல்ப்ஸ் மலைத் தொடரின் டோலமைட்ஸ் பிராந்தியத்தில் இத்தாலிய, ஆஸ்திரியப் படைகள் செங்குத்துப் பாறைகளிலே பதித்த இரும்பு ஏணிகளும் கம்பி வடங்களும், பிற்காலத்தில் 'வியா ஃபெராட்டா' என்னும் மலையேற்ற மார்க்கங்களுக்கு ஆதாரமாயின. இடுப்பு வாரின் கொக்கியைக் கம்பியில் மாட்டிக்கொண்டு, கையும் காலும் ஊன்றிப் பாறையேறி, அந்தி சாயுமுன் மலைக்குடிலை அடைந்து தங்கி, மறுநாள் மேலே தொடர்வது அங்குள்ள வழக்கம். அத்தகைய பிரயாணம் ஒன்றை நம் தேனிச் சீமையிலே மேற்கொள்ளலாகாதா என்று எங்கள் வீட்டு இளைஞர்கள் கேட்டபோது, என் மனம் உடனே குரங்கணிக்குச் சென்றது.

போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியிலிருந்து, சென்ட்ரல் என்னும் சிற்றூர் வழியாக, 5,000 அடிக்கு மேலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை சரித்திரச் சிறப்புடையது. மூணாற்றுத் தேயிலை, 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்கின் குறுகிய ரயிலில் டாப் ஸ்டேஷனை அடைந்து, அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குப் போயிற்று. அந்த ரயிலை 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அழித்துவிட்டது. அவ்வடம் தேயிலைக்காக அமைந்ததேயன்றி, மலையேறுவோர் பற்றிக்கொள்ள அமைந்ததன்று. ஆதலால் இம்மலையில் நம்மைக் காப்பவை காலத்தேர்வும் வழியறிந்தவர் துணையுமே.

காலத்தைப் பற்றி இளைஞர்களிடம் விரிவாகவே பேசினேன். ஆனி, ஆடியில் மழையும் வழுக்கலும் அட்டையும். ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் மழை. மாசி பிறந்தாலோ சரிவெங்கும் போதைப்புல் காய்ந்து தீக்கு இரையாகக் காத்திருக்கும். சரிவில் பற்றிய நெருப்பு, தன் வெப்பத்தால் மேலுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுவதால், செங்குத்து மிக மிக அதன் வேகமும் மிகும். மூச்சிரைக்க ஏறும் மனிதன் அதனை முந்துதல் அரிது. 2018 மார்ச் 11 அன்று இக்குரங்கணிச் சரிவிலே மூண்ட காட்டுத்தீ, மலையேற வந்த 20க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனதை நம் ஜில்லா மறக்கலாகாது. அதன் பின்னர் மலையேற்றத்துக்கு அரசு விதிகளை வகுத்தது. 2024-இல் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் இளைஞர்களையே பயிற்றுவித்து வழிகாட்டிகளாக நியமித்தது மெச்சத்தக்க காரியம்.

எங்கள் உத்தேசம் இதுதான்: மார்கழிக் கடைசியில் ரயிலில் போடியை அடைந்து, விடியுமுன் குரங்கணி சென்று, அனுமதியும் வழிகாட்டியும் உள்ள பாதையிலேயே ஏறுவது, இரவைக் காட்டிலே கழிக்காமல் ஊருள்ள இடத்திலே தங்குவது, பிறகு சூரியநெல்லி சென்று, ஜீப்பில் கொழுக்குமலை ஏறி, தேயிலைத் தோட்டத்தின் விளிம்பிலிருந்து உதயத்தைத் தரிசிப்பது.

வழிகாட்டி "திரும்புவோம்" என்றால் மறுபேச்சின்றித் திரும்புவதற்கு இசைபவரே எங்களுடன் வரலாம் என்பது முதல் நிபந்தனை. சிகரத்தை இன்னொரு வருஷம் காணலாம் என்னும் பொறுமை உடையவருக்கே மலை உரியது. இளைஞர்கள் மனமார இசைந்தார்கள். அதன் பின்னரே விண்ணப்பத்தில் அவர்கள் பெயர்களை எழுதினேன்.